லேசர் ஜைரோவுக்குப் பருமன் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 10 அன்று ஒரு நாளின் நீளம் 86,400 விநாடியைவிட 1.36 மில்லிசெகண்ட் குறைந்திருந்தது என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அதை முன்வைத்துத் தங்கள் அறிவியல் இணைப்பில் பூமியின் சுழற்சியை அளப்பது பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழில் லேசர் ஜைரோவுக்கு, அதாவது லேசர் ஒளியைக் கொண்டு சுழற்சியை உணரும் கருவிக்கு, முக்கால் பக்கம் கிடைப்பது அபூர்வம் என்பதால் முதலில் நன்றி. ஆனால் அதில் இரண்டு இடங்கள் எனக்கு உறுத்தின. அணுக்கடிகாரம் பூமியின் சுழற்சியை அளந்தது என்று ஓரிடத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் உள்ள லேசர் வளையத்தை (அதுவும் ஒரு பெரிய லேசர் ஜைரோதான்) இன்னும் பெரிதாகக் கட்டிவிட்டால் எவ்வளவு சிறிய மாற்றமும் தெரிந்துவிடும் என்று முடிவில் இருக்கிறது. நான் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்றவன். மீனம்பாக்கத்தில் லேசர் ஜைரோப் பெட்டிகளைக் கழற்றி மாட்டியே வேலைக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. எனவே இரண்டாவதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அணுக்கடிகாரம் காட்டுவது நேரத்தை மட்டுமே. பூமி எத்தனை பாகை திரும்பியது என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது, வெகுதொலைவில் அசையாமல் தெரியும் குவேசார்களை, அதாவது பிரகாசமான விண்மீன்மண்டல மையங்களை, கண்டம்விட்டுக் கண்டம் ரேடியோ தொலைநோக்கிகளால் ஒரே நேரத்தில் பார்க்கும் முறை. அந்த அளவை அணுக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுத்தான் நாளின் நீளம் கிடைக்கிறது. ஜூலையில் அந்த நாள் ஏன் குறுகியது என்பதில் மர்மமும் இல்லை. நிலா நிலநடுக்கோட்டைவிட்டு வடக்கிலோ தெற்கிலோ அதிகம் விலகி நிற்கும் நாட்களில் பூமி சற்று வேகமாகச் சுழலும். வளிமண்டலக் காற்றோட்டம் மாறும்போதும் அப்படித்தான். லேசர் வளையத்தின் சிறப்பு, அது வானத்தைப் பார்க்காமல் நிலவறைக்குள் இருந்தபடியே பூமி திரும்புவதை உணர்கிறது என்பது. துல்லியத்தில் இன்றும் குவேசார் முறைதான் முன்னே நிற்கிறது. அதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

இனி, விஷயத்துக்கு வருகிறேன்.

விமானம் புறப்படும் முன் ஐஆர்எஸ் அலைன்மென்ட் என்று ஒன்று நடக்கும். விமானத்தின் வழிகாட்டும் பெட்டி தன் திசையைத் தானே நிர்ணயித்துக்கொள்ளும் வேலை அது. சுவிட்சைத் திருப்பியதும் பெட்டிக்குள் இருக்கும் மூன்று லேசர் ஜைரோக்களும் வேகம் மாறுவதையும் ஈர்ப்பையும் உணரும் மூன்று முடுக்கமானிகளும் பத்து நிமிடம் போல அசையாமல் உட்கார்ந்து கணக்குப் போடும். முடுக்கமானிகள் கீழ்த்திசையைக் கண்டுபிடிக்கும். ஜைரோக்கள் பூமியின் சுழற்சியையே உணர்ந்து, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து உண்மையான வடக்கைக் கண்டுபிடிக்கும். காந்த ஊசி இல்லை, செயற்கைக்கோள் இல்லை. பூமி மணிக்கு 15.04 பாகை திரும்புகிறது. சென்னையின் அட்சரேகையில் அதில் 14.6 பாகை வரை கிடைமட்டமாகக் கிடைக்கும் என்பதால் எங்களுக்கு அலைன்மென்ட் சுலபம். துருவத்தை நெருங்க நெருங்க இந்தக் கிடைமட்டப் பங்கு குறையும், நேரம் கூடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஏரோபிரிட்ஜை விமானத்தின் மேல் முரட்டுத்தனமாகக் கொண்டுவந்து ஒட்டினால் போச்சு, திரும்ப முதலிலிருந்து. புதிதாக வந்த பையன்களிடம், நிற்கிற விமானம் பூமியோடு சேர்ந்து சுற்றுவதை இந்தப் பெட்டி உணர்கிறது என்று சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள். விமானத்தின் மின்னணுக் கருவிகள் இருக்கும் ஏவியானிக்ஸ் பேயில் பெட்டியின் மேல் கையை வைக்கச் சொல்வேன். உள்ளே ஏதோ ரீங்காரமிடுவதுபோல ஒரு மெல்லிய அதிர்வு தெரியும். அந்த அதிர்வு எதற்கு என்பதில்தான் இந்தக் கடிதத்தின் பாதி இருக்கிறது.

லேசர் ஜைரோ என்பது கண்ணாடிக் கட்டியில் குடைந்த முக்கோண அல்லது சதுரப் பாதை. மூலைகளில் பிரதிபலிக்கும் ஆடிகள், உள்ளே ஹீலியம்-நியான் வாயு. ஒரே பாதையில் ஒரு லேசர் ஒளி வலஞ்சுழியாகவும் இன்னொன்று இடஞ்சுழியாகவும் ஓடும். கட்டி சுழன்றால், சுழலும் திசையில் போகும் ஒளிக்குப் பாதை சற்று நீள்கிறது, எதிர்த்திசை ஒளிக்குச் சற்றுக் குறைகிறது. அதனால் இரண்டின் அதிர்வெண்ணும் மிக மிகச் சிறிதளவு வேறுபடும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் அந்த வேறுபாடு துடிப்பாகத் தெரியும். தம்புராவுக்குச் சுருதி கூட்டுபவர்களுக்கு இது பழக்கமானது. இரு தந்திகள் ஏறத்தாழச் சேரும்போது ஒலி மெல்ல ஏறி இறங்கும், வித்தியாசம் குறையக் குறைய அந்த ஏற்ற இறக்கமும் மந்தமாகும். 1913-இல் பாரிஸில் ஜார்ஜ் சான்யாக் சுழலும் மேசையின் மேல் இந்த விளைவைக் காட்டினார். ஒளியைச் சுமந்து செல்வதாக அப்போது கருதப்பட்ட ஈதர் என்ற ஊடகம் இருப்பதை நிரூபித்துவிட்டதாக அவர் நினைத்தார். அந்த முடிவு நிற்கவில்லை, விளைவு நின்றது. லேசர் வந்த பிறகு 1963-இல் அமெரிக்காவின் ஸ்பெரி நிறுவனத்தில் மேசெக், டேவிஸ் இருவரும் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் முதல் வளைய லேசர் ஜைரோவை இயக்கினார்கள்.

எத்தனை துடிப்பு வரும் என்பதற்கான சூத்திரம் எளிது. வளையத்தின் பரப்பை நான்கால் பெருக்கி, சுற்றளவாலும் ஒளியின் அலைநீளத்தாலும் வகுத்து, சுழற்சி வேகத்தால் பெருக்க வேண்டும். கட்டுரையாளர் சொன்ன 'பெரிதாக்கினால் போதும்' என்பது இந்தச் சூத்திரத்தை மட்டும் பார்ப்பதால் வருவது. நானும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பக்கத்துக்கு 14 சென்டிமீட்டர் உள்ள ஒரு முக்கோண ஜைரோவை எடுத்துக்கொள்வோம். விமானத்தில் இருப்பவை ஏறத்தாழ அந்த அளவுதான். அதன் அச்சைப் பூமியின் அச்சுக்கு நேராக வைத்தால் பூமியின் சுழற்சிக்கு விநாடிக்கு ஒன்பது துடிப்பு கிடைக்க வேண்டும்.

கிடைக்காது. பூஜ்யம்தான் கிடைக்கும்.

காரணம் ஆடிகள். எவ்வளவு மெருகேற்றினாலும் ஆடியில் விழும் ஒளியில் ஒரு துளி வந்த வழியே சிதறி எதிரே ஓடும் ஒளியோடு கலக்கும். இரண்டு அதிர்வெண்களும் மிக நெருக்கமாக இருக்கும்போது அந்தத் துளி போதும், ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்து இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் பூட்டிக்கொள்ளும். இதை லாக்-இன் என்போம். சிறிய ஜைரோக்களில் மணிக்குச் சில நூறு பாகைக்குக் கீழே எந்தச் சுழற்சியும் இப்படி மறைந்துபோகும். பூமியின் 15 பாகை அந்தக் குழிக்குள் எங்கோ அடியில் கிடக்கிறது. அதிலிருந்து வெளியே எடுக்க, கட்டியையே விநாடிக்குச் சில நூறு தடவை முன்னும் பின்னும் திருகி ஆட்டுகிறார்கள். அப்படி ஆட்டினால் பெரும்பாலான நேரம் ஜைரோ பூட்டுக்கு வெளியே இருக்கும். கையில் தெரிகிற அதிர்வு அதுதான். ஹனிவெல் நிறுவனத்தில் கில்பாட்ரிக் செய்த இந்த வேலையால்தான் 1980-களின் தொடக்கத்தில் போயிங் 757, 767 விமானங்களில் லேசர் ஜைரோ ஏறியது. இதற்கும் ஒரு விலை உண்டு. ஆடும் ஒவ்வொரு முறையும் திசை மாறும் கணத்தில் ஜைரோ பூட்டைக் கடந்தாக வேண்டும். அப்போதெல்லாம் ஒரு சிறு பிழை ஒழுங்கற்ற இரைச்சலாகச் சேர்ந்துகொண்டே போகும். அந்த இரைச்சலைக் குறைக்க வழி, சிதறல் குறைந்த ஆடி. சுற்றிச் சுற்றி ஆடியிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். பவேரியாவில் வெட்செல் என்ற ஊரில், மண்மேட்டுக்குக் கீழே உள்ள அறையில் 'ஜி' என்ற வளையம் 2001 முதல் இருக்கிறது. பக்கத்துக்கு 4 மீட்டர், பரப்பு 16 சதுர மீட்டர். படுக்கையாக வைக்கப்பட்டிருப்பதால் அந்த அட்சரேகையில் பூமியின் சுழற்சிக்கு விநாடிக்கு 348.5 துடிப்பு. பூமியே கொடுக்கும் இந்தத் துடிப்பு பூட்டுக்கு மேலே இருப்பதால் இதை ஆட்ட வேண்டிய தேவை இல்லை. பெரிதாகக் கட்டியதன் உண்மையான லாபம் இது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். விமான ஜைரோவின் டிரிஃப்ட், அதாவது காலப்போக்கில் அது தானாகவே விலகிப்போகும் பிழை, மணிக்கு 0.01 பாகை அளவில் இருந்தால் நல்ல பெட்டி என்போம். பூமியின் சுழற்சியில் அது 1,500-இல் ஒரு பங்கு. நாளின் நீளத்தில் ஒரு மில்லிசெகண்ட் மாற்றம் என்பது ஏறத்தாழ எட்டரைக் கோடியில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். என் முக்கோணத்தை வெட்செல் சதுரமாகப் பெரிதாக்கியதில் சூத்திரப்படி கிடைப்பது ஐம்பது மடங்குதான். மீதி ஆயிரம் மடங்கு எங்கிருந்து வந்தது? தோராயக் கணக்குதான், நீண்ட நேரம் சராசரி எடுப்பதும் அதில் ஒரு பங்கு. ஆனாலும் அந்த ஆயிரத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1925-இலேயே இல்லினாய் மாநிலத்தில் கிளியரிங் என்ற இடத்தில் மைக்கேல்சனும் கேலும் காற்றை வெளியேற்றிய குழாய்களை 613 மீட்டர் நீளமும் 339 மீட்டர் அகலமுமாகத் தரையில் போட்டு ஒளியை ஓடவிட்டார்கள். அது லேசர் காலத்துக்கு முந்தியது. அவ்வளவு பெரிய சுற்றிலும் கிடைத்த இடப்பெயர்ச்சி, இரு ஒளிகளும் கலந்து உண்டாக்கும் குறுக்கீட்டுப் பட்டை ஒன்றின் அகலத்தில் கால்பங்குக்கும் குறைவு. பின்னர் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில், இரண்டாம் உலகப்போரில் வெட்டி மறந்துபோன கேஷ்மியர் நிலவறையில், கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்டெட்மன் குழுவினர் படிப்படியாக வளையங்களைப் பெரிதாக்கினார்கள். கடைசியில் வந்த யுஜி-2 நீளத்தில் 39.7 மீட்டர், அகலத்தில் 21 மீட்டர், பரப்பு 834 சதுர மீட்டர். வெட்செல் வளையத்தைவிட ஐம்பது மடங்கு பரப்பு. சூத்திரத்தை நம்பினால் அதுதான் உலகத்தின் சிறந்த ஜைரோவாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஆடிப் பெட்டிகளைக் குகையின் பாறையில் தனித்தனியாகப் பொருத்தியிருந்தார்கள். பாறை வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் அசைந்தது, அதோடு பாதையும் அசைந்தது. வளையம் நீள நீள அதற்குள் எரியக்கூடிய ஒளி முறைகளும், அதாவது அந்த வளையத்துக்குப் பொருந்தும் தனித்தனி அதிர்வெண்களும், நெருங்கிவரும். ஒன்றை மட்டும் எரிய வைப்பது கடினமாகிவிடும். பருமனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் கூடுவதைவிடக் குறைவதே அதிகம் என்பது அந்தக் குகையில் கிடைத்த பாடம். 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தோடு அந்த நிலவறையின் காலமும் முடிந்தது. சுழற்சியை அளக்க வைத்த கருவிகளுக்கு அப்படியொரு முடிவு.

வெட்செலில் செய்தது வேறு. வளையத்தைப் பாறையில் பொருத்தாமல், 4 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமும் 25 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள ஒரே ஸெரோடூர் வட்டின் மேல் கட்டினார்கள். தொலைநோக்கி ஆடிகளுக்குப் பயன்படும், வெப்பத்தில் ஏறத்தாழ விரியவே விரியாத கண்ணாடிப் பீங்கான் அது. சுற்றிலும் காற்றழுத்தம் மாறாதபடி ஓர் அழுத்தக் கலத்தை வைத்தார்கள். வாயுவில் நியான்-20, நியான்-22 இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தார்கள். இல்லாவிட்டால் இரண்டு திசை ஒளிகளும் ஒரே அணுக்களுக்குப் போட்டி போட்டு, ஒன்று மற்றொன்றை அணைத்துவிடும். ஆடிகள் பத்து லட்சத்தில் சில பங்கு ஒளியை மட்டுமே இழப்பவை. அவற்றுக்கு நடுவே ஒளி ஒரு மில்லிசெகண்ட் அளவுக்குத் தங்குகிறது. 16 மீட்டர் சுற்றை அதற்குள் பதினெட்டாயிரம் தடவைக்கு மேல் ஓடிவிடும். வெளியே எடுத்து அளக்கும் ஒளியோ நானோவாட் கணக்கில்தான். லேசரின் வலிமையைக் கூட்டினால் இரைச்சல் குறையுமே என்று தோன்றும். கூட்டினால் பக்கத்து முறைகளும் சேர்ந்து எரியத் தொடங்கும். எனவே வேண்டுமென்றே மங்கலாக ஓட்டுகிறார்கள்.

சாய்வு இன்னொரு தொல்லை. வளையத்தின் ஒரு விளிம்பு வடக்கு-தெற்காக 50 நானோமீட்டர் அளவுக்கு உயர்ந்தாலே, நாளின் நீளத்தில் ஒரு மில்லிசெகண்ட் மாறியதுபோலக் காட்டும். அதனால் நுண்ணிய சாய்வுமானிகளை வைத்து ஓயாமல் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மில்லிசெகண்டை எட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. பூமியின் அச்சு தள்ளாடும் சாண்ட்லர் அசைவை ஜி வளையம் 2011-இல் காட்டிவிட்டது. நாளின் நீளம் மாறுவதைத் தொடர்ந்து 120 நாட்களுக்குப் பின்தொடர்ந்த முடிவு 2023-இல்தான் வந்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உல்ரிக் ஷ்ரைபர் குழுவினர் அதற்காக வளையத்தைப் பெரிதாக்கவில்லை. எதிரெதிரே ஓடும் இரு ஒளிகளும் ஒரே மாதிரி இல்லாததால் வரும் பிழையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, அதைக் கழிக்கும் திருத்தக் கணக்கை உருவாக்கினார்கள். நான் சொன்ன அந்த ஆயிரம் மடங்கில் பெரும்பங்கு இப்படிப்பட்ட வேலைகளில் வந்தது. ஜூலை 10 அன்று நடந்த 1.36 மில்லிசெகண்ட் மாற்றம் இந்த வளையத்தில் எவ்வளவாகத் தெரியும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். பூமி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தால், இரண்டு நாளுக்கு மேல் எண்ணிய பிறகு, ஆறு கோடிக்கு மேற்பட்ட துடிப்புகளில் ஒரே ஒரு துடிப்பு கூடுதலாக வரும். இதைப் பெரிய அச்சில் போட்டிருந்தால் வாசகர் வாயைப் பிளந்திருப்பார்கள்.

கட்டுரையின் பெட்டிச் செய்தியில், புதிய தொழில்நுட்பத்தால் லேசர் ஜைரோவின் உணர்திறன் பல மடங்கு கூடப்போகிறது என்றும் இருந்தது. இதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, வளையத்துக்குள் ஒளியின் நிறப்பிரிகையை (அதிர்வெண்ணுக்கேற்ப ஒளியின் வேகம் மாறுவதை) வழக்கத்துக்கு எதிராக மாற்றும் வாயுவை வைத்து, அதே சுழற்சிக்கு அதிகத் துடிப்பை வரவைப்பது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் செலிம் ஷாரியார் குழுவினர் இதில் நெடுநாளாக உழைக்கிறார்கள். மற்றொன்று, இரு ஒளிகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளப்போகும் விளிம்பிலேயே ஜைரோவை ஓட்டுவது. அங்கே சிறு சுழற்சிக்கும் பெரிய மாற்றம் கிடைக்கும். நாங்கள் பயந்து ஓடிய லாக்-இன் விளிம்பிலேயே குடியிருக்கலாம் என்கிறார்கள், கேட்க எனக்கு வேடிக்கைதான். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கெரி வாஹலா குழுவினர் சில சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா வட்டில் 2019-இல் இதைச் செய்து, நான்கு மடங்கு வரை பெருக்கம் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அதே குழு இரைச்சலையும் அளந்து பார்த்தது. சைகை எத்தனை மடங்கு பெருகியதோ இரைச்சலும் அத்தனை மடங்கு பெருகியிருந்தது. மொத்தத்தில் லாபம் இல்லை. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. பெட்டிச் செய்தியில் முதல் பாதி வந்திருக்கிறது, இரண்டாம் பாதி விடுபட்டுவிட்டது. துடிப்பு கூடுவது வேறு, உணர்திறன் கூடுவது வேறு. இரைச்சலையும் டிரிஃப்டையும் சொல்லாமல் மடங்கை மட்டும் சொல்லும் எந்தச் செய்தியையும் பணிமனையில் நாங்கள் ஏற்கமாட்டோம்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு என்று கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அக்னி-5 ஏவுகணையின் வழிநடத்தலில் வளைய லேசர் ஜைரோ இருக்கிறது. சந்திரயான்-3 தரையிறங்கு கலத்திலும் லேசர் ஜைரோ கொண்ட தொகுப்பு இருந்தது. வெட்செல் மாதிரி ஒன்றை இங்கே வைக்கலாமே என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். அப்படியே கொண்டுவந்து சென்னையில் படுக்கையாகப் போட்டால் 348.5 துடிப்பு 104-ஆகச் சுருங்கிவிடும், சாய்வுப் பிழையோ ஐந்து மடங்காகும். அதையே சுவர் மாதிரி நிமிர்த்தி, முகத்தை வடக்கே பார்க்க வைத்தால் விநாடிக்கு 449 துடிப்பு வரும், சாய்வுப் பிழை வெட்செலில் இருப்பதைவிடக் குறையும். நிமிர்த்தி நிறுத்திய வளையம் தன் எடையிலேயே வளையாமல் இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பது பெரிய கேள்வி, ஆனால் நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் யாராவது இறுதியாண்டுத் திட்டத்துக்குக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மியூனிக் அருகே ஃபுர்ஸ்டென்ஃபெல்ட்புருக்கில் நான்முகி வடிவில் புதைத்திருக்கும் ரோமி என்ற கருவியில் சாய்ந்த வளையங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்துத் தொடங்கலாம்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த வரைபடம். நான்கு மூலையிலும் ஆடி சரியாக இருக்கிறது. ஆனால் சிவப்புக் கோடு ஒரே திசையில்தான் ஓடுகிறது, அம்புக்குறியும் ஒன்றுதான். ஒரு திசையில் மட்டும் ஒளி ஓடினால் ஒப்பிட எதுவும் இல்லை, அந்தக் கருவி எதையும் அளக்காது. எதிர்த்திசைக் கோட்டை வேறு நிறத்திலும், இரண்டும் ஒரு மூலையில் வெளியே வந்து கலந்து உணர்கருவியில் விழுவதையும் சேர்த்து, திருத்திய படத்தை அடுத்த இணைப்பில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மாணவர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
பொழிச்சலூர், சென்னை